பூசும் கைகளும் பார்க்கும் கண்களும்

(செகந்திராபாத்தில் தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2018ஆம் ஆண்டு ரயில்வே அமைச்சகம், அழகுபடுத்தப்பட்ட ரயில் நிலையங்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதல் பரிசு மகாராஷ்டிரத்தின் பல்லார்ஷாவுக்கும் சந்திரப்பூருக்கும் கிடைத்தது. இரண்டாம் பரிசைப் பிகாரின் மதுபனியும் நம் மதுரையும் பகிர்ந்துகொண்டன. மூன்றாம் பரிசு பெற்ற நிலையங்களில் நம் செகந்திராபாத்தும் ஒன்று. இங்கிருந்து தெலங்கானா எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போகிறவர்கள் பல்லார்ஷாவையும் சந்திரப்பூரையும் கடந்துதான் போகிறார்கள். தாடோபா காட்டுப் புலிகள் அந்த நிலையச் சுவர்களில் நிற்பதைச் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள்.

நாடு முழுவதும் சுவர்களுக்கு வர்ணம் ஏறிக்கொண்டிருக்கிறது. மேம்பாலத் தூண்கள், பள்ளி மதில்கள், மலைப்பாதைத் தடுப்புச்சுவர்கள் என்று எங்கும் சித்திரங்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சித்திரங்கள் பலவற்றுக்கும் தாய்வீடு மலைக் கிராமத்து மண்சுவர். அந்தத் தாய்வீட்டின் நிலை என்ன என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: ஆண்டுதோறும் அதைப் பூசுகிறவர்கள் இருக்கும்வரைதான் ஒரு சுவரோவியத்துக்கு உயிர். பார்க்கிறவர்கள் எத்தனை பேர் வந்தாலும் அந்த உயிரை அவர்களால் தர முடியாது.

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர் வழியாகவே போகிறது தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலை அது. சேலத்தையும் மதுரையையும் தொட்டு வருவதும் அதே சாலைதான். அதில் வடக்கு நோக்கி ஆதிலாபாத் மலைகளுக்குப் போவோம்.

மேட்சலைத் தாண்டும்வரை நகரம் நம்மை விடுவதில்லை. கிடங்குகள், கல்லூரிகள், பாதி எழும்பிய அடுக்குமாடிகள். தூப்ரான், ராமாயம்பேட்டை, காமாரெட்டி என்று போகப் போகத் தக்காணத்துப் பாறைகள் இருபுறமும் தலைகாட்டும். ஆர்மூரில் அந்தக் கருங்கற்கள் ஒரு குன்றாகவே திரண்டு ஊருக்கு மேலே நிற்கின்றன. அதைச் சுற்றி மஞ்சள் விளையும் பூமி. அறுவடை முடிந்த நாட்களில் வேகவைத்த மஞ்சளைக் களங்களில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அருகே போச்சம்பாட்டில் கோதாவரியைத் தேக்கி நிற்கிறது ஸ்ரீராம்சாகர் அணை. சோன் அருகே ஆற்றைக் கடந்தால் நிர்மல்.

நிர்மலின் பொம்மைகளும் ஓவியங்களும் உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். எடை குறைந்த பொனிகி மரத்தைச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையால் மேனியை வழவழப்பாக்கி, அதன்மேல் வர்ணம் தீட்டும் நகாஷ் கலைஞர்களின் ஊர் அது. நிர்மலுக்கு வடக்கே மலை தொடங்குகிறது. பழைய சாலை மஹபூப் காட் என்னும் மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும். இருபுறமும் தேக்கு. மாசி, பங்குனியில் காடு இலையுதிர்த்து நிற்கும்போது புரசமரங்கள் மட்டும் தீப்பற்றியதுபோலப் பூத்திருக்கும். நேரடிகொண்டா அருகே கடம் ஆறு குண்டாலா அருவியாக விழுகிறது. இச்சோடாவைத் தாண்டிக் குடிஹத்னூரில் கிழக்கே திரும்பினால் இந்திரவெல்லி, கேஸ்லாபூர், உட்னூர். ராஜ கோண்டு மக்களும் கோலாம் மக்களும் வாழும் பூமி. இரு மக்களின் மொழிகளும் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த வழி நெடுகிலும் மூன்று வகைச் சுவர்களைப் பார்க்கலாம்.

முதலாவது, விளம்பரச் சுவர். சிமெண்டு, பருத்தி விதை, பூச்சிமருந்து, செல்பேசி, தேர்தல் சின்னம். சாலையைப் பார்த்த வீட்டுச் சுவரில் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் ஒரு வெள்ளையடிப்பு கிடைக்கும். ஃபிளெக்ஸ் பலகை வந்த பிறகு கையால் எழுதும் ஓவியர்களின் பிழைப்பு சுருங்கிவிட்டது. இருந்தும் கிராமத்துச் சுவர்களில் அவர்கள் எழுத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது, அரசுச் சுவர். பள்ளி மதிலில் ரயில்பெட்டி, சுகாதார நிலையத்தில் தாயும் சேயும், மதகுச் சுவரில் மயிலும் மானும். இவை அந்த ஊருக்கு ஏதோ ஒரு செய்தி சொல்ல வந்தவை.

மூன்றாவது, வீட்டுச் சுவர். என் பேச்சு இதைப் பற்றியது. மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியது. பல வீடுகளில் அடியில் காவிப் பட்டை, மேலே சுண்ணாம்பு வெள்ளை அல்லது இளநீலம், வாசலைச் சுற்றி ஒரு கரை. திண்ணை மெழுகியிருக்கும். மத்தியப் பிரதேசத்து கோண்டு ஓவியங்களைப் புத்தகங்களில் பார்த்துவிட்டு, அதேபோன்ற பெரிய சித்திரங்களைத் தேடி இங்கே வருகிறவர்கள் இந்தச் சுவர்களைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். இங்கே பூச்சுதான் அழகு. விரல்கள் போன தடமும் நிறங்கள் பிரியும் கோட்டின் நேர்த்தியும்தான் கலை. தெலங்கானாச் சமவெளிக் கிராமங்களிலும் வாசலில் முக்கு என்னும் கோலம், நிலையைச் சுற்றி ஜாஜு என்னும் செங்காவி என்று இதே வழக்கம் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவிப் பட்டை தீட்டும் நம் ஊர் வீடுகளை நினைத்துக்கொண்டால் போதும், இந்தச் சுவர்கள் நமக்கு அந்நியமாகத் தெரியா.

ஏன் ஆண்டுதோறும் பூச வேண்டும்? காரணம் மழை. தெலங்கானாவில் அதிக மழை பெறும் பகுதிகளில் ஆதிலாபாத் ஒன்று. ஆனி முதல் புரட்டாசி வரை மழை மண்சுவரை அரிக்கிறது. சாரல் அடிக்கும் அடிப்பகுதி கரைகிறது, மேலே வெடிப்பு விழுகிறது, கரையான் ஏறுகிறது. மழை ஓய்ந்ததும் பெண்கள் மண் குழைக்கிறார்கள். வெடிப்பை அடைத்து, சாணம் கலந்த பூச்சு கொடுத்து, காயவிட்டு, நிறம் ஏற்றுகிறார்கள். நிறம் இங்கே பராமரிப்பின் கடைசிப் படி. காவிப் பட்டை போடும் அடிப்பகுதிதான் சாரலும் சேறும் முதலில் தாக்கும் இடம் என்பதையும் கவனியுங்கள். எது சுவருக்குத் தேவையோ அதுவே கண்ணுக்கு அழகாகவும் அமைந்துவிட்டது.

அந்தப் பூச்சு முடியும் வேளையில் வருகிறது தண்டாரி. தீபாவளியை ஒட்டிய நாட்களில் கோண்டு கிராமங்கள் ஒன்றையொன்று விருந்தினராகச் சென்று காண்கின்றன. மயிற்பீலியால் ஆன பெரும் முடி தரித்து, உடலெங்கும் சாம்பல் பூசிய குஸாடி ஆட்டக்காரர்கள் முன்னே வர, ஊர் முழுதும் அடுத்த ஊருக்குப் போகும். அந்த ஊர் அவர்களை வரவேற்று உணவளித்து ஆடிப்பாடும். மார்லவாய் கிராமத்தின் குஸாடி ஆசான் கனகராஜுவுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தார். புதுப்பூச்சுச் சுவர் யாருக்காகக் காத்திருந்தது என்பது இந்த விழாவில் விளங்கும். உறவோடு வரும் விருந்தினருக்காக. சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் நமக்காக அது பூசப்படவில்லை. நாம் அதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பார்க்கும்போது நம் இடம் எது என்று தெரிந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

மார்லவாய் என்றதும் இன்னொரு பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்த மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் வான் ஃப்யூரர் ஹைமண்டார்ஃப், 1940களில் நிஜாம் அரசின் சார்பில் இந்த மலைகளுக்கு வந்து மார்லவாயில் தங்கினார். அவர் வருவதற்குச் சற்று முன்பு, 1940இல்தான் நீருக்கும் காட்டுக்கும் நிலத்துக்கும் போராடிய கொமரம் பீம் ஜோடேகாட்டில் கொல்லப்பட்டிருந்தார். வனத்துறையும் வட்டிக்காரர்களும் வெளியிலிருந்து வந்து நிலம் பிடித்தவர்களும் கோண்டு மக்களை நெருக்கிய காலம் அது. ஹைமண்டார்ஃப் நிலப்பட்டா கிடைக்கவும், அவர்களின் கோண்டி மொழியில் பள்ளிகள் தொடங்கவும் பாடுபட்டார். 1948இல் ‘தி ராஜ் கோண்ட்ஸ் ஆஃப் ஆதிலாபாத்’ என்ற நூலை வெளியிட்டார். அவருடைய மனைவி பெட்டி எலிசபெத்தின் சமாதி இன்றும் மார்லவாயில் இருக்கிறது. மலைப்பாதையில் போகும்போது காடும் வயலும் குடிலும் சேர்ந்து ஓர் அழகிய காட்சியாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு வீட்டுக்காரர் தன் சுவரை நிம்மதியாகப் பூச வேண்டுமானால் அந்த வீடு நிற்கும் மண் அவருடையதாக இருக்க வேண்டும். இந்திரவெல்லியில் 1981 ஏப்ரல் 20 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த கோண்டு மக்களின் நினைவுத்தூண் நிற்கிறது. நிலத்துக்காகக் கூடிய கூட்டம் அது. அந்தத் தூணைப் பார்க்காமல் இந்தச் சுவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தவர்களாவோம்.

இந்திரவெல்லிக்கு அருகே கேஸ்லாபூர். தை அமாவாசையன்று அங்கே நாகோபா என்னும் நாகதெய்வத்தின் கோயிலில் ஜாத்தரா தொடங்குகிறது. கோண்டு மக்களில் மெஸ்ரம் குலத்தார் பல நாள் கால்நடையாகப் போய்க் கோதாவரியிலிருந்து நீர் கொண்டுவருகிறார்கள். குலப் பெண்கள் மண் குழைத்துப் புற்று எழுப்புகிறார்கள். குலத்துக்கு வந்த புது மருமகள்கள் தெய்வத்தின் முன் அறிமுகம் செய்யப்படுகிறார்கள். அந்தக் கோயிலை மெஸ்ரம் குலத்தார் தாங்களே பணம் திரட்டிக் கருங்கல்லில் புதிதாகக் கட்டி, 2022 டிசம்பரில் திறந்தார்கள். கோயில் கல்லானது, மண் குழைக்கும் சடங்கு நிலைத்தது. எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்தார்கள். இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அஜந்தாவுக்கு வருகிறேன். நிர்மல் மலைகளின் தொடர்ச்சி மேற்கே அஜந்தா வரை போகிறது. அஜந்தாவும் அன்று நிஜாம் ராஜ்ஜியத்தில்தான் இருந்தது. உலகம் போற்றும் அந்த ஓவியங்களுக்கு அடியில் இருப்பது என்ன? மண். பாறைமேல் மண்ணும் உமியும் நாரும் கலந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு, அதன்மேல் காவியும் கரியும் பச்சைமண்ணும், நீலக்கல் பொடியும். கோண்டு வீட்டுச் சுவருக்கும் அஜந்தாக் குகைக்கும் அடித்தளம் ஒன்றே.

1914இல் ஹைதராபாத் அரசு தொல்லியல் துறையைத் தொடங்கி, குலாம் யஸ்தானியை அதன் தலைவராக்கியது. 1920 வாக்கில் இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி என்ற வல்லுநரை வரவழைத்து, உதிர்ந்துகொண்டிருந்த அஜந்தா ஓவியங்களைக் காக்க ஏற்பாடு செய்தார்கள். தளர்ந்த பூச்சுகளை அவர்கள் சுவரோடு ஒட்டவைத்தார்கள். அந்த வேலையால் பிழைத்த பகுதிகள் ஏராளம். ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, ஓவியங்களின் நிறத்தை மங்கவைத்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை பல பத்தாண்டுகள் அதைக் கவனமாக நீக்க வேண்டியிருந்தது. அன்பும் அறிவும் பணமும் சேர்ந்து செய்த வேலையிலேயே இப்படி நேர்ந்தது என்றால், நாம் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மண்சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயிலில் வெளியே விடும். சாணமும் செம்மண்ணும் சுண்ணாம்பும் அந்தப் போக்குவரத்தைத் தடுப்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன் வர்ணத்தை மண்சுவரில் அடித்தால் ஒரு தோல் உருவாகும். ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். தோல் உரியும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். கிராமத்தை அழகுபடுத்துகிறோம் என்று வாளி வாளியாக வர்ணம் கொண்டுபோகும் நல்ல உள்ளங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சிமெண்டுச் சுவருக்கு ஏற்ற வர்ணம் மண்சுவருக்குக் கேடு.

அடுத்து, சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்த கதை. 1934இல் பிகாரில் பெரும் நிலநடுக்கம். மதுபனி வட்டாரத்தில் சேதத்தைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், இடிந்து திறந்து கிடந்த வீடுகளின் உட்சுவர்களில் அற்புதமான ஓவியங்களைக் கண்டார். மணமக்கள் அறையில் பெண்கள் தங்களுக்கென வரைந்தவை. சுவர் விழுந்ததால்தான் வெளியாள் ஒருவர் கண்ணில் அவை பட்டன. 1960களின் வறட்சியில், கைவினைத் துறையில் இயங்கிய புபுல் ஜயகரின் முயற்சியால் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி அங்கே காகிதம் கொண்டுபோய்க் கொடுத்தார். பசியில் வாடிய குடும்பங்களுக்கு ஓவியம் சோறு போட்டது. மதுபனி ஓவியம் உலகம் சுற்றியது. ஆனாலும் 2017இல் மதுபனி ரயில் நிலையத்துக்கு அந்த ஊர் ஓவியர்கள் கூலியில்லாமல் சிரமதானமாக வரைந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை. தங்கள் ஊர் நிலையம் என்ற பாசத்தால் அவர்கள் செய்தார்கள். அந்தப் பாசத்துக்குக் கைமாறாக உரிய ஊதியம் தருவது நிலையத்தை நடத்துகிறவர்களின் கடமை.

இரண்டாவது கதையில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வருகிறார். சிம்லாவில் பிறந்த ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன். போபாலில் பாரத் பவன் 1982இல் தொடங்குவதற்கு முன்பே, பழங்குடிக் கலைகளைத் தேடி இளம் ஓவியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் அவர்களை நிறுத்தியது. வரைந்தவர் பர்தான் கோண்டு இளைஞர் ஜன்கட் சிங் ஷியாம். சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துவந்தார். ஜன்கட்டின் கையிலிருந்து புள்ளியும் கோடும் நிறைந்த ஒரு புதிய பாணி பிறந்தது. சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்திலும் அவர் ஓவியம் ஏறியது. 2001இல் ஜப்பானில், ஊரைவிட்டு வெகுதொலைவில், ஓர் அருங்காட்சியகத்துக்காக வரைந்துகொண்டிருந்த நாட்களில் அவர் இறந்தார். அவர் வழிவந்தவர்கள் இன்று ஒரு தலைமுறை. சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலில் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த மரங்கள் கறுப்புக் காகிதத்தில் கையால் அச்சேறின. 2008இல் இத்தாலியின் போலோன்யா நகரில் அந்த நூலுக்குப் பரிசு கிடைத்தது.

காகிதம் நன்மை செய்தது. ஓவியருக்குப் பெயர் கிடைத்தது, வருமானம் கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். காகிதத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். சுவரில் வரைந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணும் சிறுமியும் கூட வந்து பூசினார்கள். ஊருக்கே தெரிந்த கைவேலையாக அது இருந்தது. காகிதத்துக்குப் போனபின் திறமைசாலிகள் சிலரின் தொழிலாகிறது. அந்தச் சிலர் உயர்வது நல்லது. மற்றவர்கள் கையில் இருந்த பூச்சுமட்டை கீழே விழாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பில் சேர வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர்கள் வாழ்கிறார்கள். அருகே எழுத்துப்பாறையில் பழைய பாறை ஓவியங்கள். செம்மண்ணில் சிவப்பு, வெண்மண்ணில் வெள்ளை, கரியில் கறுப்பு, காட்டு அவரை இலையில் பச்சை என்று நான்கு நிறங்களால் விழாக் காலங்களில் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்தவர்கள் அவர்கள். பூசாரிக் குடும்பத்து ஆண்கள் உருவங்களை வரைவார்கள். வாசலையும் சன்னலையும் சுற்றிப் பெண்கள் கரை தீட்டுவார்கள். இப்போது அது பெரும்பாலும் காகிதத்திலும் துணியிலும் வருகிறது. ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் காரில் போகும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்குக் குறும்பர் ஓவியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

உலகத்தின் மறுபக்கத்திலும் ஓர் உதாரணம் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் தியபெலே. கசேனா மக்களின் அரச வளாகம். வீட்டை ஆண்கள் மண்ணால் கட்டுகிறார்கள். சுவரைப் பெண்கள் கூடிப் பூசி, சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலங்கள் தீட்டுகிறார்கள். நெரே என்ற மரத்தின் காய்த்தோலைக் காய்ச்சிய நீரை மேலே பூசினால் நிறம் உறுதிப்படுகிறது. 2024இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அறிவிக்க அங்கே ஏதோ மிஞ்சியிருந்தது.

இங்கே தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். வருடா வருடம் மண் மிதித்துச் சாணம் கரைத்துச் சுவர் பூசுவது யார் முதுகை வளைக்கிற வேலை? பெண்களின் முதுகைத்தானே! ஒழுகாத கூரையும் பாம்பு நுழையாத தரையும் அவர்களுக்கு வேண்டாமா? நியாயமான கேள்வி. நிச்சயம் வேண்டும். அரசுத் திட்டங்களில் சிமெண்டு வீடு கிடைப்பது அவர்களின் உரிமை. நாம் பார்த்து ரசிப்பதற்காக இன்னொருவர் மண்குடிசையில் இருக்க வேண்டும் என்று நினைப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

என் கேள்வி வேறு. சிமெண்டு வீடு கட்டும்போது, வரைபடம் போடுகிற பொறியாளர் அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கிறாரா? திண்ணை வேண்டுமா, முன்சுவர் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பகுதியை நீ பூசுவாய் என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் சிலர் திண்ணை கேட்பார்கள், சிலர் சுண்ணாம்புப் பூச்சு கேட்பார்கள், சிலர் பளபளக்கும் டைல்ஸ் கேட்பார்கள். எதுவானாலும் அது அவர்கள் முடிவு. கேஸ்லாபூரில் மெஸ்ரம் குலத்தார் கல்லையும் மண்ணையும் சேர்த்து வைத்துக்கொண்டது அப்படி எடுத்த முடிவுதான். ஒரே அச்சில் வார்த்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதன் மதிலில் வெளியூர் ஓவியரை வைத்துப் பழங்குடி நடனம் வரையச் சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

நம் நகரத்துக்குத் திரும்பி வருவோம். 2016இல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருவோவிய அமைப்பு ஹைதராபாத்துக்கு வந்து, உசேன்சாகர் பக்கம் எம்.எஸ். மக்தா குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்களை வரையவைத்தது. சந்துக்குள் இருந்த ஒரு குடியிருப்பு ஊர் அறிந்த இடமாயிற்று. 2020இல் சென்னை கண்ணகி நகரிலும் அப்படி நடந்தது. ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. வேலை கேட்டுப் போனால் முகவரியைப் பார்த்தே மறுக்கப்பட்ட வேதனை அந்த மக்களுக்கு உண்டு. சுவரில் தங்கள் பிள்ளைகளின் முகம் பெரிதாக எழுந்தபோது அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள் என்றால் அந்த ஓவியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அடுத்த படியும் வேண்டும். நகரத்து வெயிலிலும் மழையிலும் எந்த வர்ணமும் சில ஆண்டுகளில் வெளுக்கும். அப்போது தூரிகையை எடுக்க அந்தத் தெருப் பிள்ளைகளில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முறை வரைந்துவிட்டுப் போவது விழா. அடுத்த முறை வரைய ஆள் உண்டாக்குவதுதான் கலைக்குச் செய்யும் தொண்டு.

உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஆதிலாபாத் மலைப்பாதையில் குடும்பத்தோடு போங்கள். கிராமத்துக்குள் நுழைந்தால் முதலில் ஊர்ப் பெரியவரிடம் வணக்கம் சொல்லுங்கள். சுவரைப் படமெடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்; சுவர் அவருடையது, முகமும் அவருடையது. தண்டாரி நாட்களில் போனால் வேடிக்கை பார்ப்பவராக நிற்காமல், அழைப்புக்குக் காத்திருந்து விருந்தினராகப் போங்கள். உட்னூர் வட்டாரத்தில் கைவினைப் பொருள் வாங்கினால் செய்தவரிடமே வாங்குங்கள். ஆதிலாபாத் டோக்ரா உலோக வேலைக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; உஷேகாவ் போன்ற ஊர்களில் ஓஜா கைவினைஞர்கள் அதைச் செய்கிறார்கள்.

உங்களில் அடுக்குமாடிச் சங்கங்களிலும் பள்ளி நிர்வாகங்களிலும் பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. மதிலுக்குச் சித்திரம் வேண்டுமென்று தோன்றினால், இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பெயிண்டரிடம் காட்டி வரையச் சொல்லாதீர்கள். அந்தக் கலைக்குரிய ஓவியரையே அழையுங்கள். நாட்கூலியும் தங்குமிடமும் மரியாதையும் கொடுங்கள். ஓவியத்தின் கீழே அவர் பெயரும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாண்டு கழித்து அவரையே மறுபடி அழைப்பதற்கான தொகையை அன்றே ஒதுக்கிவையுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. உட்னூரில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டு முகமை இருக்கிறது. அதன்கீழ் ஆசிரமப் பள்ளிகள் இயங்குகின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சுவரை மண்பூச்சாக விட்டுவைத்து, மழை முடிந்ததும் ஊர்ப் பெண்களைச் சம்பளத்தோடு அழைத்து, மாணவ மாணவியரோடு சேர்ந்து பூசச் செய்யலாம். பையன்களும் மண் குழைக்கட்டும். பெண்களின் முதுகுச் சுமை அப்போதுதான் பாதியாகும். குஞ்சாலா கிராமத்தில் கிடைத்த பழைய கோண்டி எழுத்துச் சுவடிகளால் அந்த எழுத்து 2018இல் யூனிகோடில் ஏறிவிட்டது. அந்த எழுத்தையே பிள்ளைகள் அந்தச் சுவரில் எழுதிப் பழகலாம். செலவு மிகக் குறைவு. பயன் தலைமுறைக்கு நிற்கும்.

அன்பர்களே, அழகான சுவரைக் கண்டதும் ‘யார் வரைந்தது?’ என்று கேட்கிறோம். அது நல்ல கேள்வி. அதோடு ‘அடுத்த மழைக்குப் பிறகு இதை யார் பூசுவார்கள்?’ என்றும் கேட்கப் பழகுவோம். ‘என் மகள் பூசுவாள், என் மகன் மண் குழைப்பான், எங்களுக்கு அதற்கு நேரமும் நிலமும் கூலியும் இருக்கிறது’ என்று அந்த ஊர்க்காரர் சொல்லக்கூடிய நாள் வந்தால், ஆதிலாபாத் மலைகளிலும் நீலகிரியிலும் இந்தக் கலையைக் காப்பாற்ற வேறு யாரும் தேவைப்பட மாட்டார்கள். அந்த நாளுக்கு நம்மால் ஆன வேலையை நம் தெருவிலேயே தொடங்குவோம்.